‘வாழ்தகு மண்டலம்’ வேண்டாம், ‘நீர்ப்பத மண்டலம்’ வைப்போமா?

அண்ணா, வணக்கம். விண்மீனைச் சுற்றி, கோளின் தரைமேல் தண்ணீர் நிற்கத் தக்க தொலைவுப் பகுதியை ஆங்கிலத்தில் habitable zone என்கிறார்கள். நம் கட்டுரையில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> ‘வாழ்தகு மண்டலம்’ எல்லாருக்கும் புரிகிறது, பழகியும் விட்டது. அப்படியே விட்டுவிடலாம்.

தப்பாகப் புரிகிறதே என்பதுதான் என் கவலை. ‘வாழ்தகு’ என்று படித்ததும் பிள்ளைகள் அங்கே உயிர் பிழைக்கும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மண்டலம் சொல்வதோ ஒன்றே ஒன்று: விண்மீனிலிருந்து இவ்வளவு தொலைவில், காற்றுப் போர்வையும் தக்கபடி அமைந்தால், கோளின் தரைமேல் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். நிலாவும் நம்மோடு அதே மண்டலத்தில்தான் சுற்றுகிறது. அங்கே ஒரு புல் உண்டா? செவ்வாயைச் சில கணக்குகள் உள்ளே சேர்க்கின்றன. ஆனால் அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பனிக்கட்டி உருகி ஓடாமல் நேரே ஆவியாகிவிடுகிறது.

மறுபக்கம் சனியின் துணைக்கோள் என்செலடஸைப் பாருங்கள். சூரியனிலிருந்து நம்மைப்போல் ஒன்பதரை மடங்கு தொலைவு. அதன் தென்துருவ விரிசல்களிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீய்ச்சியடிப்பதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடலே இருக்கிறது. உயிரைத் தேடுபவர்கள் முதலில் கைகாட்டும் இடங்களில் ஒன்று, இந்த ‘வாழ்தகு’ எல்லைக்கு எங்கோ வெளியே கிடக்கிறது!

ஆகவே இரண்டு கருத்துக்கும் இரண்டு சொல் வேண்டும். நீர், ஆற்றல், கரிமச் சேர்மங்கள் எல்லாம் சேர்ந்த தகுதிக்கு ‘வாழ்தகவு’. தொலைவுக் கணக்குக்கு மட்டும் ‘நீர்ப்பத மண்டலம்’.

‘பதம்’ நம் காட்டுச் சொல். பென்னாகரம் பக்கம் மானாவாரியில் கேழ்வரகு விதைக்கும் முன் ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கிப் பார்ப்பார்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் அப்பினால் ஈரம் மிஞ்சிவிட்டது. பிடியில் நிற்காமல் பொலபொலவென்று கொட்டினால் காய்ந்துவிட்டது. இருபுறமும் எல்லை உண்டு என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பதம் இருந்தால் விதைக்கலாம், அவ்வளவுதான். முளைத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

> பதம் என்றால் சொல், பாதம் என்றும் பொருள் வருமே?

கிருஷ்ணகிரி அக்கா கேட்டது நியாயம். ஆனால் ‘நீர்’ முன்னால் வந்தபின் அந்தக் குழப்பம் எழாது. ‘மண்டலம்’ எனக்கும் அவ்வளவு பிடித்தமில்லை, சூரிய மண்டலம், வளிமண்டலம் என்று ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. என்ன செய்வது, ‘வளையம்’ சனிக்கும் ‘பட்டை’ சிறுகோள்களுக்கும் போய்விட்டன.

இனி எல்லைகள். சூரியனுக்கு நெருங்கினால் கடல் ஆவியாகும். அந்த நீராவியே வெப்பத்தைப் பிடித்துவைத்து இன்னும் ஆவியாக்கும். இதை ‘ஆவி எல்லை’ என்போம். 1993இல் அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் காஸ்டிங்கின் குழு, பூமி–சூரியன் தொலைவை 1 என்று வைத்து, மண்டலத்தை 0.95 முதல் 1.37 வரை என்று கணக்கிட்டது. 2013இல் வந்த புதுக் கணக்கு உள் எல்லையை 0.99க்குத் தள்ளியது. அதாவது நாம் விளிம்பை ஒட்டியே குடியிருக்கிறோம்; இதைக் கட்டுரையில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வெளிப்புறத்துக்கு ‘உறை எல்லை’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. காஸ்டிங்கின் அந்த 1.37, கரியமில வாயு மேகமாக உறையத் தொடங்கும் இடம். வெறுமனே ‘உறை’ என்றால் தண்ணீர் உறைவது என்றே படிப்பார்கள். அரூர் தம்பியிடம் வேறு சொல் இருந்தால் எழுதட்டும். மற்ற மூன்றையும் இந்த மாதக் கட்டுரையிலேயே போட்டுவிடலாமா அண்ணா?