ஆராவுடன் ஒற்றைத் தலைவலி: எம்ஆர்ஐ ரத்த ஓட்டப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

நியூரோ_மாணவி

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஒரு சிறிய ஆய்வுக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 30 முதல் 55 வயதுக்குள், ஆராவுடன் (தலைவலியை ஒட்டி வரும் பார்வைக் கோளாறு போன்ற தற்காலிக அறிகுறி) ஒற்றைத் தலைவலி வருபவர்கள் ஒரு குழு. தலைவலியே இல்லாதவர்கள் இன்னொரு குழு. 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்ஆர்ஐ, ஆளுக்கு 45 நிமிடம். ஊசி மருந்து கிடையாது, அதனால் ரத்த ஓட்டத்துக்கு ஏஎஸ்எல் (ரத்தத்தையே காந்தத்தால் குறியிட்டு அளக்கும் முறை) மட்டும்தான். சோதனைக்கு எடுத்த படங்களில் பிடரிப் பகுதி இருட்டாக வருகிறது. இது தலைவலியின் அடையாளமா, படம் எடுத்த விதத்தால் வந்ததா? பக்கவாதத்தில் காணும் ரத்தக் குறைவிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? ஃப்ளேர் என்ற எம்ஆர்ஐ படவகையில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளை எண்ணிக் கணக்கு வைத்தால் போதுமா?

காந்த_அறை

பிடரி இருட்டாகத் தெரிந்தால் முதலில் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். ஏஎஸ்எல்லில் கழுத்திலேயே ரத்தத்துக்குக் காந்தக் குறி போடுகிறோம். அது மூளைத் திசுவைப் போய்ச் சேரும்வரை காத்திருந்து படம் எடுக்கிறோம். பிடரிப் பகுதிக்கும், இரண்டு தமனிகள் சந்திக்கும் எல்லைப் பகுதிகளுக்கும் ரத்தம் இயல்பிலேயே சற்றுத் தாமதமாகத்தான் சேரும். சீக்கிரம் எடுத்துவிட்டால் ஆரோக்கியமானவருக்கும் அங்கே இருட்டுதான். பார்வை ஆரா கிளம்பும் இடமும் அதுவே என்பதால் இந்தப் பிழையில் விழுவது மிக எளிது.

2015இல் வெளிவந்த பொதுப் பரிந்துரைப்படி குறியிடும் நேரம் 1800 மில்லிவினாடி. காத்திருப்பு, 70 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்களுக்கு 1800, நோயாளிகளுக்கு 2000. நீங்கள் இரண்டு குழுவுக்கும் 2000 என்றே வையுங்கள். குழுவுக்கு ஒரு நேரம் என்று மாற்றினால் ஒப்பீடே கெட்டுவிடும். அதற்காக மிகவும் நீட்டவும் கூடாது. 3 டெஸ்லாவில் ரத்தத்தின் டி1, அதாவது குறி மங்கும் கால அளவு, சுமார் 1650 மில்லிவினாடி. அதனால் காத்திருக்கக் காத்திருக்கக் குறி அழிந்து, படத்தில் இரைச்சல்தான் மிஞ்சும்.

ரத்தக்குழாய் ஓரமாக வெள்ளைப் பொட்டுகள், அதற்கு அப்பால் இருட்டு என்று இருந்தால் ரத்தம் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் சேரவில்லை என்று பொருள். ஒரு பக்கக் கழுத்துத் தமனி பாயும் பகுதி மொத்தமும் ஒரே சீராக மங்கியிருந்தால் அந்தப் பக்கம் குறி சரியாக விழவில்லை. தமனி வளைந்த இடத்தில் குறித்தளம் (குறி போடும் குறுக்குத் தளம்) வெட்டியிருக்கும், அல்லது பல்லில் உள்ள உலோகம் காந்தப்புலத்தைக் கெடுத்திருக்கும். கழுத்துக்கு ஒரு நிமிட ரத்தக்குழாய்ப் படம் எடுத்து, தமனி நேராகப் போகும் இடத்தில் குறித்தளத்தைச் செங்குத்தாக வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கண்ணையும் கவனியுங்கள். கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தால் பிடரியில் ரத்த ஓட்டம் கூடும், மூடினால் குறையும். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் வெளிச்சம் பிடிக்காமல் தாமாகவே கண்ணை மூடிக்கொள்வார்கள். மற்றவர்கள் விழித்துக்கொண்டு கிடப்பார்கள். அந்த வித்தியாசத்தை நோய் என்று எழுதிவிடாதீர்கள். விளக்கை மங்கவைத்து எல்லாரையும் கண்மூடச் சொல்லுங்கள், தூங்கவிடாதீர்கள்.

அடுத்தது கோப்பி. காஃபீன் மூளை ரத்த ஓட்டத்தைக் கால் பங்கு அளவுக்குக்கூடக் குறைத்துவிடும். அதற்காக முந்தின நாளிலிருந்தே நிறுத்தச் சொல்வதும் தவறு. தினமும் கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளைக்குள் ரத்த ஓட்டம் கூடி, நிறுத்தியதாலேயே தலைவலி வரும். வழக்கமான காலைக் கோப்பியைக் குடிக்கட்டும். கடைசிக் குவளைக்கும் படத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு குழுவிலும் ஒன்றாக இருக்கட்டும். மாத்திரையையும் கேளுங்கள். பெனடால் எக்ஸ்ட்ரா ஒன்றில் 65 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. எர்கோடமின், டிரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மருந்துகள் இரண்டும் ரத்தக்குழாயைச் சுருக்குபவை.

நரம்பு_வார்டு

காந்த அறை அண்ணன் படத்தைச் சொல்லிவிட்டார், நான் நோயைச் சொல்கிறேன்.

ஆராவின்போது மூளைப் புறணியில் ஒரு மின் அலை மெதுவாக நகர்கிறது. 1944இல் லியாவ் என்ற ஆய்வாளர் முயல் மூளையில் கண்டது இதுதான். 2001இல் ஹஜிகானி குழுவினர், உடற்பயிற்சியால் ஆரா வரும் ஒருவரை எம்ஆர்ஐக்குள் வைத்துப் பார்த்தபோது, அலை நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிமீட்டர் வேகத்தில் பார்வைப் புறணியில் நகர்ந்தது. அந்த அலைக்குத் தமனி எல்லை தெரியாது. ஆகவே ஆராவின் ரத்தக் குறைவு மிதமாக இருக்கும், நடு மூளைத் தமனிப் பகுதியையும் பின் மூளைத் தமனிப் பகுதியையும் சேர்த்துப் பரவியிருக்கும். பல மணி நேரம் கழித்து எடுத்தால் அதே இடத்தில் ரத்தம் கூடுதலாகவும் தெரியலாம். பக்கவாதத்தில் அடைபட்ட தமனி எதற்கு ரத்தம் கொடுத்ததோ அந்தப் பகுதியோடு குறைவு நிற்கும்.

ஆனால் பிரிக்கும் வேலையை ஏஎஸ்எல்லிடம் மட்டும் விடக்கூடாது. டிடபிள்யூஐ (திசுவில் நீர் பரவுவதைக் காட்டும் படம்), பி மதிப்பு எனும் அதன் உணர்திறன் அளவு 0, 1000, கூடவே நீர் பரவும் அளவைக் கணக்கிட்டுக் காட்டும் ஏடிசி வரைபடம், இரண்டு நிமிட வேலை. டிடபிள்யூஐயில் வெளிச்சம், ஏடிசியில் இருட்டு என்றால் புதிய பக்கவாதத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இரண்டிலும் வெளிச்சம் என்றால் பெரும்பாலும் பழைய தழும்பின் டி2 வெளிச்சம் (நீர் மிகுந்த திசு இயல்பாகவே காட்டும் வெளிச்சம்) கசிந்திருக்கிறது. சாதாரண ஆராவில் டிடபிள்யூஐ சுத்தமாக இருக்கும். ஆனால் சுத்தமாக இருப்பதாலேயே பக்கவாதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உண்மையான பக்கவாதத்திலும் சுமார் 7 விழுக்காட்டினருக்கு முதல் படத்தில் ஒன்றும் தெரியாது. மூளைத்தண்டு, சிறுமூளைப் பக்கம்தான் இப்படி அதிகம் தப்பும். அங்கே 3 மில்லிமீட்டர் துண்டுகளாக எடுங்கள்.

ஆசியர்களுக்கு மண்டைக்குள் உள்ள தமனிகளே சுருங்குவது அதிகம். சுருங்கிய தமனிக்கு அப்பால் ரத்தம் தாமதமாகச் சேரும், ஏஎஸ்எல் அதையும் இருட்டாகத்தான் காட்டும். 5 நிமிட டைம் ஆஃப் ஃப்ளைட் (ஊசி மருந்தின்றி எடுப்பது) ரத்தக்குழாய்ப் படத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வோக்சல்

வெள்ளைப் புள்ளிகளை எண்ணுவது போதாது. ஒருவர் மூன்றாக எண்ணுவதை இன்னொருவர் ஒட்டியிருக்கும் ஒரே புள்ளி என்பார். 1 மில்லிமீட்டர் முப்பரிமாண ஃப்ளேர் எடுத்து, ஆழ் வெண்பொருளில் (மூளையின் உள்ளே நரம்பிழைகள் உள்ள பகுதி) உள்ளதையும் மூளை அறைகளை ஒட்டி உள்ளதையும் தனித்தனியாகக் கன அளவில் அளந்து, மண்டைக்குள் மொத்தக் கன அளவால் வகுங்கள். ஃபசேகாஸ் தரமும் (புள்ளிகளைக் கண்ணால் பார்த்துத் தரும் மதிப்பெண்) கூட இருக்கட்டும், மருத்துவர்களுக்கு அதுதான் பழக்கம். படம் யாருடையது என்பது அளப்பவருக்குத் தெரியக்கூடாது.

நெதர்லாந்தில் ஒற்றைத் தலைவலிக்காரர்களை எம்ஆர்ஐயில் பார்த்த 'கேமரா' (CAMERA) என்ற ஆய்வைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். 2004இல் வந்த முடிவில், பின்பக்க ரத்த ஓட்டப் பகுதியில் சிறு திசு இறப்புகள் ஒற்றைத் தலைவலிக்காரர்களில் 5.4 விழுக்காட்டினரிடமும், மற்றவர்களில் 0.7 விழுக்காட்டினரிடமும் இருந்தன. ஒன்பது ஆண்டு கழித்து அதே ஆட்களைப் பார்த்தபோது ஆழ் வெண்பொருள் மாற்றம் பெண்களிடம் கூடியிருந்தது: ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களில் 77 விழுக்காட்டினரிடம், மற்ற பெண்களில் 60 விழுக்காட்டினரிடம். சிந்தனைத் திறன் குறைந்ததாகத் தெரியவில்லை. பங்கேற்பாளர்களிடம் பேசும்போது இந்தக் கடைசிச் செய்தியை அவசியம் சொல்லுங்கள். 'மூளையில் புள்ளி' என்று கேட்டாலே பயந்துவிடுகிறார்கள்.

ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், வயது இந்த நான்கும் அதே புள்ளிகளை உண்டாக்கும். படம் எடுக்கும் அன்றே அழுத்தத்தை அளந்து பதிவு செய்யாவிட்டால் பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பொட்டுப் பகுதியின் முன்முனையிலும், வெளிப்புற உறை எனப்படும் மூளையின் உள் வெண்பொருள் பட்டையிலும் புள்ளிகள் அடர்ந்திருந்தால் காடசில் என்ற மரபு நோயையும் நினைக்க வேண்டும். அதிலும் ஆரா வரும்.

நியூரோ_மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. டி1 படம் (மூளை அமைப்புக்கு), ஃப்ளேர், டிடபிள்யூஐ, ஏஎஸ்எல், ரத்தக்குழாய்ப் படம், எஸ்டபிள்யூஐ (நுண் ரத்தக் கசிவைக் காட்டும் படம்) எல்லாம் சேர்த்து 30 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது, இடம் இருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும்: உள்ளே படுத்திருக்கும்போதே ஒருவருக்கு ஆரா வந்தால் தொடர்ந்து எடுக்கலாமா?

நரம்பு_வார்டு

ஆசை வரும், எனக்குப் புரிகிறது, அப்படிப்பட்ட படம் அபூர்வம். ஆனாலும் நிறுத்தி வெளியே கொண்டுவந்து ஆளைப் பாருங்கள். வளைந்து நெளியும் வெளிச்சம், 5 நிமிடத்துக்கு மேல் மெல்லப் பரவுவது, ஒன்று அடங்க இன்னொன்று தொடங்குவது, அவருடைய வழக்கமான ஆரா போலவே இருப்பது, இவை ஆராவின் பக்கம். சட்டென்று கை விழுவது, வாய் கோணுவது, பேச்சு நிற்பது பக்கவாதத்தின் பக்கம். அறிகுறி ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலும் ஆரா என்று விட்டுவிடக்கூடாது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை உடனே எழுதி வையுங்கள், ரத்தச் சர்க்கரை பாருங்கள், மருத்துவமனைக்குள் என்றால் அங்குள்ள பக்கவாத அழைப்பு, வெளியே என்றால் 995. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம்.

எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் தெரிவிக்க வேண்டுமா என்ற கேள்வியை ஒப்புதல் படிவத்திலேயே வைத்து, பதிலைத் தனியாகக் கையெழுத்துடன் வாங்குங்கள். படத்தைப் பார்த்துச் சொல்லப்போகும் கதிரியக்க மருத்துவர் யார், எத்தனை நாளில் பதில் சொல்வார் என்பதையும் முதல் ஆள் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.