கல் சிலுவையின் எழுத்தைப் படிக்க யாராவது உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கருமத்தம்பட்டி பக்கம் எங்கள் ஊர்ப் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஆளுயரக் கல் சிலுவை ஒன்று நிற்கிறது. அடிப்பீடத்தில் நாலைந்து வரி தமிழ் எழுத்து, பாதி தேய்ந்துவிட்டது. சுற்றுச்சுவர் கட்டும்போது இதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. பெயிண்ட் அடித்துப் புதுசாக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். பெயிண்ட் எழுத்துப் பள்ளத்தை அடைத்துவிடும், அதனால் அதை மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கொங்குநாட்டில் 17ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவம் வேர்விட்டது. புலியோடு போராடி இறந்த வீரனுக்கு நட்ட புலிகுத்திக்கல்லையும் மற்ற நடுகல்லையும் காடுகாடாகத் தேடிப் பதிவு செய்கிற நம் ஆட்கள், சிலுவைக் கல்லை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்பது என் ஆதங்கம். சென்னை பரங்கிமலையில் 1547இல் போர்ச்சுகீசியர் கண்டெடுத்த பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துச் சிலுவை இன்றும் அங்கே தேவாலயத்தில் பத்திரமாக இருக்கிறது. நம்முடையது அவ்வளவு பழசாக இருக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு கல்வெட்டுதானே!

இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறேன். கடைசி வரியில் தமிழ் எண்கள் போலத் தெரிகிறது, மற்றது பிடிபடவில்லை. மைப்படி (கல்லெழுத்தின் மேல் காகிதத்தை ஒற்றி மை தடவி எடுக்கும் நகல்) எடுக்கத் தெரிந்தவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்தால் ஒருநாள் வர முடியுமா? காகிதம், மை, போக்குவரத்துச் செலவு என்னுடையது, சாப்பாடு எங்கள் வீட்டில்.

அப்புறம், 1966ஆம் ஆண்டு மாநிலத் தொல்லியல் சட்டப்படி ஒரு கல்லுக்குப் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்த அனுபவம் யாருக்காவது இருந்தால், மனுவில் என்னென்ன இணைத்தீர்கள் என்று சொல்லுங்கள். தைப் பொங்கல் முடிந்ததும் சுவர் வேலை ஆரம்பம் என்கிறார்கள், அதற்குள் மனு போயாக வேண்டும்.