சினாம்பா: ‘மிதக்கும் தோட்டம்’ தவிர வேறு சொல் உண்டா?

கு. எழுதியது:
அன்பர்களே, மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோவில் உள்ள சினாம்பா பற்றிய பாடம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. வரைவில் ‘மிதக்கும் தோட்டம்’ என்றிருக்கிறது. அது மிதப்பதே இல்லை. ஆழமற்ற ஏரியில் கழி நட்டு அடைத்து, நீர்ச்செடியும் சேறும் மாறிமாறிப் போட்டு மேடாக்கிய ஒடுக்கமான பாத்தி. ஓரத்தில் அவெஹோத்தே மரம்; ஒல்லியாக நிமிர்ந்து வளர்வதால் நிழல் குறைவு, வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். ஒரே சொல்லாக வேண்டும்.

தே.:
சேற்றுத்திடல். மாணவருக்கு உடனே விளங்கும்.

ம.:
திடல் என்றால் விளையாட்டுத் திடல்தான் நினைவுக்கு வரும். வேர்ச்சொல்லைப் பாருங்கள். ஆஸ்டெக் மக்களின் நாவாட் மொழியில் ‘சினாமித்ல்’ என்பது கழியால் அமைத்த வேலி. ‘-பன்’ இடப்பொருள் உருபு, நம் ‘கண்’ போல. நமக்கும் அடைப்பைக் குறிக்கும் ‘வேலி’ நில அளவின் பெயரானதே! பொருநராற்றுப்படையின் ‘சிறைகொள் வேலி ஆயிரம் விளையுட்டு’ மறந்துவிட்டதா? ‘நீர்வேலி’ என்பேன்.

தே.:
ஐயா, தஞ்சைக்காரருக்கு ஒரு வேலி 20 மா, ஆறரை ஏக்கருக்கு மேல். சினாம்பாவின் அகலமோ சில மீட்டர்தான். அகலம் கூடினால் கால்வாய் ஈரம் நடுப்பாத்திவரை ஊறாது. உயரம் கூடினாலும் மேல்மண் காயும். இவ்வளவு சிறிய பாத்திக்கு அவ்வளவு பெரிய அளவுப்பெயரா?

செ.:
துருத்தி? ஆற்றிடைக்குறைக்கு, அதாவது ஆற்று நடுவில் உள்ள திட்டுக்கு, பழைய பெயர். சோச்சிமில்கோ என்பதே பூ, வயல், இடம் என்று பிரியும், பூந்துருத்தியேதான்!

கு.:
அம்மா, துருத்தி இயற்கையாக அமைவது. இது ஆள் கட்டியது. தவிர, பிள்ளைகளுக்குக் கொல்லன் துருத்திதான் தெரியும். அதுவும் தெரிந்தால்! இன்னொன்றும் கேட்கிறேன். ‘சாப்பின்’ என்ற நாற்று முறைக்கு என்ன சொல்வது? கால்வாய்ச் சேற்றை அள்ளி ஒரு பாத்தியில் பரப்பி, கெட்டிப்பட்டதும் கத்தியால் சிறு சதுரங்களாகக் கீறி, ஒவ்வொன்றிலும் விரலால் குழி செய்து விதை போட்டு எருவால் மூடுகிறார்கள். சேறு இளகலாக இருக்கையில் கீறினால் வெட்டு திரும்ப ஒட்டிக்கொள்ளும். காயவிட்டால் கண்டபடி வெடிக்கும். நாற்று வளர்ந்ததும் கட்டியோடு பெயர்த்து நடுவதால் வேர் அறுபடாது.

தே.:
நாற்றுக்கட்டி.

செ.:
நாற்றுக்கட்டி. மறுப்பில்லை.

ம.:
எனக்கும் சரி. ஆனால் ‘மிதக்கும்’ எங்கிருந்து வந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். நாற்றங்காலை நாணல் தெப்பத்தில் வைத்துக் கால்வாயில் இழுத்துப் போனதைக் கண்டவர்கள் தோட்டமே மிதப்பதாக எழுதிவிட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. ஆகவே தெப்ப நாற்றங்காலுக்கும் ஒரு சொல்…

கு.:
அது அடுத்த பதிப்புக்கு, ஐயா. பாடத்தில் ‘சேற்றுத்திடல் (சினாம்பா)’ என்று போடுகிறேன், மூன்று பேர் ஒத்துக்கொண்டதாக.

ம.:
இரண்டரைப் பேர். நீர்வேலியை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.