கரிசல் மண் முற்றத்தில் பேவர் பிளாக்: இரண்டு இன்ச் கிரஷர் பவுடர் போதுமா?

கரிசல்_வீடு:

வணக்கம். கோவில்பட்டி பக்கம் எங்கள் புது வீட்டு வேலை முடியப் போகிறது. வாசலில் இருந்து கேட் வரை 30 அடி நீளம், 20 அடி அகலம், அந்த இடம் முழுக்க பேவர் பிளாக் போட வேண்டும். கார் ஒன்று, பைக் இரண்டு, கோடையில் சம்ப்புக்குத் தண்ணீர் லாரியும் உள்ளே வரும். மண் சுத்தக் கரிசல். சித்திரையில் வெடிப்புக்குள் கையே போகும், மழை பெய்தால் செருப்பை மண் பிடுங்கிக்கொள்ளும்.

காண்ட்ராக்டர் சொல்வது இதுதான்: இருக்கிற மண்ணை நிரவி, மேலே இரண்டு இன்ச் கிரஷர் பவுடர் கொட்டி, 60 எம்எம் ஜிக்ஜாக் கல் பதித்து, இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றிவிட்டால் ஆயுசுக்கும் அசையாதாம். ஆனால் இதே மாதிரி போட்ட எதிர்வீட்டு முற்றம் ஒரு ஐப்பசி மழை தாண்டியதுமே நடுவில் உப்பி, டயர் போகிற தடத்தில் பள்ளம் விழுந்து கிடக்கிறது. 80 எம்எம் கல் போட்டால் சரியாகிவிடுமா? அடியில் காங்கிரீட் போடுவதா? சுண்ணாம்பு கலந்தால் கரிசல் அடங்கும் என்று ஒருவர் சொல்கிறார். கேட் ஓரம் ஒரு வேப்பமரம் வேறு இருக்கிறது, அதை வெட்ட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்.

சைட்_மட்டம்:

எதிர்வீட்டைப் பார்த்த பிறகும் அதே முறைக்கு ஏன் சார் தலையாட்ட வேண்டும்? அங்கே கல் மேல் குற்றமில்லை. கரிசலில் இருக்கும் களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வருடா வருடம் இது நடக்கும், மேலே 60 எம்எம் கிடந்தாலும் 100 எம்எம் கிடந்தாலும் கிளப்பத்தான் செய்யும். அதனால் முதல் வேலை மேலாகக் கிடக்கும் கரிசலை எடுத்துவிட்டு உப்பாத மண்ணை நிரப்புவது. இரண்டாவது வேலை, மிச்சமிருக்கும் கரிசலுக்குத் தண்ணீர் போகாமல் பார்ப்பது. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவதுதான் பெரிய வேலை, அதை யாரும் கொட்டேஷனில் எழுதுவதே இல்லை.

மண் எவ்வளவு உப்பும் என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். காய்ந்த கரிசலைப் பொடித்து நன்றாகச் சலித்து, 100 மில்லி அளவு ஜாடி இரண்டில் பத்துப் பத்து கிராம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி உப்பாது. கலக்கிவிட்டு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் ஜாடியில் மண் 10 மில்லியில் நின்று தண்ணீர் ஜாடியில் 18-க்கு ஏறியிருந்தால் உப்பல் 80 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே ரோடு வேலையில் அதை உப்பும் மண் என்று தனியாகத்தான் நடத்துவார்கள்.

தண்ணீர் லாரி வரும் என்பதால் கல் 80 எம்எம், எம்40 கிரேடு (கல்லின் வலிமையைச் சொல்லும் எண்) போடுங்கள். கார் மட்டும் என்றால் 60 போதும். பேவருக்கு ஐஎஸ் 15658 என்று தனித் தரமே இருக்கிறது, டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள். ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்புக் கல் பார்க்க அழகு, மழையில் வழுக்கும், கனமும் கல்லுக்குக் கல் மாறும். வண்டி போகிற இடத்துக்கு மெஷினில் அழுத்திச் செய்ததுதான்.

அடியில் இருந்து கணக்குப் போட்டால் சரள் 6 இன்ச், அதன் மேல் வெட் மிக்ஸ் (பல அளவு ஜல்லியும் தூளும் தண்ணீர் சேர்த்துக் கலந்தது) 8 இன்ச், பதிக்கும் மணல் ஒன்றேகால் இன்ச், கல் மூன்று இன்ச் சொச்சம். மொத்தம் ஒன்றரை அடி வரும். 600 சதுர அடிக்கு 8 இன்ச் என்றால் இறுகிய பிறகு 400 கன அடி, அதாவது 4 யூனிட். கொட்டும்போது பொலபொலவென்றுதான் இருக்கும், அதனால் 5 யூனிட் சொல்லுங்கள். சரளும் அதே கணக்கில் 4 யூனிட் பக்கம் வரும். இரண்டையும் நாலு இன்ச் நாலு இன்ச்சாக, லேசாகத் தண்ணீர் தெளித்து உருட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் விட்டால் அடியில் இறுகவே இறுகாது.

சுண்ணாம்பு வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் கட்டிகளைத் தூளாக்கி, மண் எடையில் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை ஒரே சீராகக் கலந்து, ஈரத்தோடு விட்டு வைக்க வேண்டும். ரோடு வேலையில் அதற்கு மெஷின் உண்டு. மண்வெட்டியால் கிளறினால் ஒரு இடத்தில் கொத்தாக விழும், ஒரு இடத்தில் விழவே விழாது. முற்றத்துக்கு மண்ணை மாற்றுவதுதான் நல்லது.

அடையாறு_ஓரம்:

எனக்கு ஒரு சந்தேகம். பேவர் போடுவதே இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் பூமிக்குள் இறங்கத்தானே? மழைநீர் சேகரிப்பை 2003-ல் இருந்தே கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நீங்கள் என்னவென்றால் தண்ணீரை உள்ளே விடாதே என்கிறீர்கள். எங்கள் தெருவில் மணல் பூமி, அகல இடுக்கு விட்டுத்தான் போட்டிருக்கிறோம், மழை நின்ற கொஞ்ச நேரத்தில் முற்றம் காய்ந்துவிடுகிறது.

சைட்_மட்டம்:

உங்கள் மணலுக்கு அது சரி, அங்கே நானும் அதைத்தான் சொல்வேன். கரிசலில் தண்ணீர் இறங்குவது ரொம்ப மெதுவு. ஒன்றரை அடி தோண்டி ஜல்லி நிரப்பினால் அந்தக் குழியே ஒரு தொட்டி. உள்ளே வந்த தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும், சுற்றியுள்ள களி அதைக் குடித்து ஊறும், மேலே லாரி ஏறினால் அமுங்கும். வீட்டு அஸ்திவாரம் வேறு பக்கத்திலேயே இருக்கிறது.

அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு கூட முற்றத்தில் விழக்கூடாது, வடிகட்டி சம்ப்புக்கு விடுங்கள். கரிசலில் உறிஞ்சுகுழியை விட சேமிப்புத்தான் பிரயோஜனம், சட்டத்துக்கும் பதில் ஆயிற்று. அடுத்து, வீட்டில் இருந்து கேட் பக்கம் அடிக்குக் கால் இன்ச் வாட்டம். 30 அடிக்கு ஏழரை இன்ச் வரும், இதைக் கேட்டு மேஸ்திரி முகம் சுளிப்பார், விடாதீர்கள். தோண்டும் போதே குழியின் அடிமட்டத்துக்கும் அதே வாட்டம் வேண்டும். கடைசியாக, குழியின் தாழ்ந்த ஓரத்தில், சரள் மட்டத்தில் நாலு இன்ச் துளைக் குழாய், அதைச் சுற்றி ஜியோ துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் துணி), வாய் தெருச் சாக்கடையில். சாக்கடை மட்டம் அதை விட உயரமாக இருந்தால் வாட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பி வேறு போக்கிடம் பாருங்கள்.

பேவர்_மேஸ்திரி:

அண்ணே, பதிக்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன். கிரஷர் பவுடரில் மாவு அதிகம், தண்ணீர் பட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வண்டி அதிர்வில் இடுக்கு வழியாகச் சேறாக மேலே வரும். கல் பதிக்க எம்-சாண்ட் (கல்லை உடைத்துக் கழுவிய மணல்) போடச் சொல்லுங்கள், ஒன்றேகால் இன்ச்சுக்கு மேல் வேண்டாம். அடித்தளம் மேடுபள்ளமாக இருக்கும்போது மணலை வைத்தே சமாளிப்பார்கள், இந்தப் பக்கம் ஒரு இன்ச் அந்தப் பக்கம் நாலு இன்ச். பதித்த அன்றைக்கு மட்டக்கோல் வைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், நாலு இன்ச் இருந்த பக்கம் பிறகு தானாக இறங்கும். அதனால் மணல் கொட்டுவதற்கு முன்னால் வெட் மிக்ஸ் மேல் நூல் கட்டி அளந்து பாருங்கள். அங்கேயே வாட்டம் தெரிய வேண்டும்.

சிமென்ட் பால் வேண்டவே வேண்டாம். பேவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கிற தளம், சிமென்ட் வெடிக்கும், அப்புறம் ஒரு கல்லைக் கழற்றுவதற்குள் சுற்றி இருக்கிற கல்லெல்லாம் மூளியாகும். பதித்ததும் தட்டு வைப்ரேட்டர் ஓட்டி, காய்ந்த பி-சாண்டை (பூச்சு வேலைக்கான பொடி மணல்) கூட்டி நிரப்பி, மறுபடி ஓட்டி, இறங்கிய இடத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். ரப்பர் சுத்தியலால் தட்டுவதோடு முடித்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். வைப்ரேட்டர் வாடகை கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் கெர்ப் கல்லைக் காங்கிரீட்டில் ஊன்றுங்கள். கரிசலில் ஓரம்தான் முதலில் காய்ந்து வெடித்துப் பிளக்கும், முடிந்தால் சரளையும் வெட் மிக்ஸையும் கெர்ப்புக்கு வெளியே ஒரு அடி நீட்டி விடுங்கள். குழாய் போன பள்ளங்களிலும் சம்ப்பைச் சுற்றியும் ரோலர் போகாது, அங்கே திம்சுக்கட்டை வைத்துத்தான் குத்த வேண்டும். எங்கே போனாலும் பேவர் முதலில் இறங்குவது இந்தக் குழாய்ப் பள்ளத்தில்தான். சம்ப்பு மூடி லாரி போகிற வழியில் இருந்தால் கல்லை விட அதுதான் முதல் கவலை.

வேப்பமரத்தைச் சுற்றி மூன்று நாலு அடி மண்ணாக விட்டு வட்டமாக கெர்ப் வையுங்கள். கரிசலில் மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்தப் பக்கம் மண் கூடுதலாகச் சுருங்கும், அங்கே கல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதற்கும் சேர்த்துத்தான் சிமென்ட் போடாதீர்கள் என்கிறேன், எடுத்துச் சரிசெய்து திரும்பப் பதித்துக்கொள்ளலாம்.

டெல்டா_மண்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம், வயலை மேடாக்கிய மனை, நாலு அடி நிரப்பி சில மாதம்தான் ஆகிறது. நாங்களும் இதே மாதிரி செய்யலாமா?

சைட்_மட்டம்:

இப்போது வேண்டாம். நிரப்பிய மண் தன் கனத்திலேயே இன்னும் இறங்கும், அடியில் இருக்கும் வயல் களியும் அமுங்கும். ஒரு கார்த்திகை மழை முழுசாகப் பெய்து போகட்டும். அதுவரை சரள் மட்டும் கொட்டி வண்டி ஓட்டுங்கள், இறங்கிய இடத்தில் மேலும் கொட்டி இறுக்குங்கள். அந்தச் சரள் பிறகு அடித்தளமாகிவிடும், செலவு வீணில்லை.

கரிசல்_வீடு:

எல்லோருக்கும் நன்றி. காண்ட்ராக்டரிடம் பேசினேன். ஒன்றரை அடி தோண்டினால் ரேட் இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்கிறார். முழுசாகச் செய்யப் பணம் இடிக்கிறது. எதையாவது குறைக்க முடியுமா? அப்புறம் எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?

பேவர்_மேஸ்திரி:

பரப்பைக் குறையுங்கள் அண்ணே, ஆழத்தைக் குறைக்காதீர்கள். லாரியும் காரும் போகிற பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு மட்டும் இதை முழுசாகச் செய்யுங்கள், இரண்டு ஓரமும் கெர்ப் வைத்து முடித்துவிடுங்கள். மிச்சத்தில் இப்போதைக்குச் சரள் கிடக்கட்டும், கையில் காசு வரும்போது பார்க்கலாம். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் செடிப்பாத்தி வேண்டாம், தினமும் தண்ணீர் ஊற்றுவீர்கள், அது நேராக அஸ்திவாரத்துக்குப் போகும்.

தை, மாசி நல்ல நேரம். மண் ஊறியும் இருக்காது, வெடித்தும் இருக்காது. சித்திரை வெடிப்பு மேல் போட்டால் மழைக்குக் கிளம்பும், ஐப்பசியில் தோண்டினால் குழியில் தண்ணீர் இறைத்தே மாளாது. பணத்தை அடுக்கு அடுக்காகக் கொடுங்கள்: தோண்டி முடித்ததும், சரள் இறுகியதும், வெட் மிக்ஸ் முடிந்ததும். ஒவ்வொன்றிலும் டேப் வைத்து நாலு மூலையும் நடுவும் அளந்து போட்டோ எடுத்துவிட்டு அடுத்த லோடு இறக்கச் சொல்லுங்கள்.