கினோவா மாவில் வீகன் பான்கேக்: கசப்பு போக, உடையாமல் வர என்ன வழி?

மதுரை வீட்டுச் சமையல்:

எல்லோருக்கும் வணக்கம். வெளியூரில் படிக்கிற என் மகள் வீகனாக மாறிவிட்டாள். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடுவதில்லை. அவள் அப்பாவுக்கு சீலியாக் நோய் இருப்பதால் கோதுமை, மைதா, ரவை எங்கள் வீட்டுக்குள்ளேயே வராது. விடுமுறைக்கு வருகிறவள் பான்கேக் கேட்கிறாள். அப்பாவும் மகளும் ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. தோசை, ஆப்பம் செய்யலாமே என்று சொல்லிவிடாதீர்கள், அதெல்லாம் தினமும் நடக்கிறதுதான்.

கடையில் அரை கிலோ கினோவா மாவு வாங்கினேன். ஒரு கப் மாவு, ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால், மசித்த பழம் ஒன்று, பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன். திருப்பும்போதே உடைகிறது. மேலே சிவந்தாலும் உள்ளே களி மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் விட, விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கசப்பு. மாவு கெட்டுப்போனதா, இல்லை இதன் குணமே இதுதானா?

சேலம் அடுப்பு:

அக்கா, இதன் குணமே அதுதான். வீட்டிலிருந்தே குளூட்டன் (கோதுமையில் இருக்கிற பசைப் புரதம், சீலியாக் இருப்பவர்களுக்கு ஆகாதது) இல்லாத பலகாரம் செய்து கொடுக்கிறேன், கினோவா மாவு வாரா வாரம் கையில் இருக்கும். அதன் விதைத் தோலில் சபோனின் என்று ஒன்று உண்டு. பூந்திக்கொட்டையில் நுரை வருகிறதே, அதற்குக் காரணமும் இந்த வகைப் பொருள்தான். பொலிவியா, பெரு மலைப்பக்கத்தில் இந்தக் கசப்பினால்தான் பறவைகள் கதிரை அதிகம் தொடுவதில்லை. விற்பனைக்கு வருவதற்குள் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள், ஆனாலும் மிச்சம் இருக்கும்.

மாவை முதலில் வறுத்துவிடுங்கள். ஓவன் இருந்தால் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள், நடுவில் கிளறிவிட வேண்டும். இல்லையென்றால் அடிகனமான வாணலியில், மிகச் சிறு தீயில், கை விடாமல். பச்சைப் புல் மாதிரி வருகிற வாசனை மாறி, வறுத்த கொட்டை வாசனை வரும். அந்த நேரத்தில் இறக்கிவிடுங்கள், நிறம் மாறக் காத்திருக்க வேண்டாம். கசப்பு பெருமளவு குறைந்துவிடும். ஆறிய மாவை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இதில் எண்ணெய்ச்சத்து உண்டு, வெளியில் கிடந்தால் சிக்கு வாடை வரும். கூடுதலாகப் போட்ட பேக்கிங் பவுடரும் கசக்கும், ஒரு கப்புக்கு ஒன்றரை டீஸ்பூன் போதும்.

உடைவதற்குக் காரணம், பிடித்து நிறுத்த குளூட்டனும் இல்லை, முட்டையும் இல்லை. நான் செய்வது இப்படி: வறுத்த கினோவா மாவு முக்கால் கப், ஜவ்வரிசியை மிக்ஸியில் அரைத்துச் சலித்த மாவு கால் கப், நாட்டுச் சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ஆளிவிதைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூனை மூன்று டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் பத்து நிமிடத்தில் வழவழவென்று ஆகிவிடும், ஒரு முட்டைக்கு அதுதான் ஈடு. தேங்காய்ப்பாலுக்குப் பதில் முக்கால் கப் சோயாப்பாலில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரியவிடுங்கள். மோர் சேர்த்த புளிப்பு கிடைக்கும். எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன்.

பேக்கிங் பவுடர் தவிர எல்லாவற்றையும் கலந்து கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கினோவா மாவு மெதுவாகத்தான் நீர் குடிக்கும், அந்த நேரம் கொடுக்காததால்தான் உள்ளே வேகாமல் நிற்கிறது. ஊத்தப்ப மாவுப் பதம் வேண்டும், இறுகியிருந்தால் கொஞ்சம் பால் விடலாம். பேக்கிங் பவுடரைக் கடைசியில் போட்டு ஒரு கலக்கு, உடனே கல்லில். உள்ளங்கை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். மிதமான தீக்கும் கொஞ்சம் கீழே, மூடி போட்டு மூன்று நிமிடம். ஓரத்தில் ஈரப் பளபளப்பு போன பிறகுதான் திருப்பியை அடியில் விட வேண்டும்.

கோவை மாடித்தோட்டம்:

பழத்தை விட்டுவிட்டீர்களே தம்பி! நாங்கள் நன்றாகக் கனிந்த பூவன் பழம் பாதி சேர்ப்போம். கசப்பு மிச்சம் இருந்தாலும் தெரியாது, குழந்தைகள் சர்க்கரை இல்லாமலே சாப்பிடுகிறார்கள்.

சேலம் அடுப்பு:

ருசிக்குப் பழம் நல்லதுதான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் அதன் ஈரம் வேக விடாது. மதுரை அக்காவுக்கு உள்ளே களியாக நிற்பதால் முதலில் பழம் இல்லாமல் செய்யட்டும். பதம் பிடிபட்ட பிறகு பாதி சேர்த்து, அந்த அளவுக்குப் பாலைக் குறைக்கலாம். அதுவரை பழத்தை வட்டமாக நறுக்கி மேலே வைத்துக்கொள்ளட்டும்.

கோதுமை தொடாதவன்:

எனக்கும் சீலியாக் என்பதால் ஒரு வேண்டுகோள். கினோவாவில் குளூட்டன் இல்லை, ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்திருந்தால் ஆபத்து. பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். தெரு மாவு மில்லில் எதையும் அரைக்கக் கொடுக்காதீர்கள். பேக்கிங் பவுடரில் சில கம்பெனிகள் கோதுமை ஸ்டார்ச் சேர்க்கும், அட்டையைப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருப்பது பலருக்குத் தெரியாது. பான்கேக்கில் அது வராது, ஆனால் காரமாகச் செய்தால் கவனம். சார் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் இதில் சமரசம் கூடாது.

மதுரை வீட்டுச் சமையல்:

ரொம்ப நன்றி. என் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், ‘கோதுமை கையாளும் ஆலையில் தயாரானது’ என்று போட்டிருக்கிறது. இதை அவருக்குக் கொடுக்கப் போவதில்லை. முழு கினோவாவையே வாங்கி மிக்ஸியில் அரைக்கலாமா?

சேலம் அடுப்பு:

தாராளமாக. குளூட்டன் இல்லை என்று போட்ட பாக்கெட்டாக எடுங்கள். நுரை நிற்கும்வரை கையால் தேய்த்து நாலைந்து தண்ணீரில் கழுவுங்கள், நுண்ணிய சல்லடை வேண்டும், விதை கடுகை விடக் கொஞ்சம்தான் பெரிது. துணியில் பரப்பி முழுக்கக் காய்ந்த பிறகு வறுத்து, ஆறவைத்து அரைத்துச் சலியுங்கள். ஈரம் இருந்தால் மிக்ஸியில் அப்பிக்கொள்ளும். மகளுக்குக் கல்லில் நெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஊற்ற கருப்பட்டிப் பாகு வையுங்கள், இந்த மாவுக்கு அது நன்றாகச் சேரும்.