முட்டிக்குப் பின்னால தமனி நெரியுது: ஸ்டென்ட் போதுமா, ஆபரேஷன்தானா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து):
தம்பிக்கு 19 வயசுங்க. ராணுவத் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம் பழகுறான். 500 மீட்டர் தாண்டுனா வலது கெண்டைக்கால் கல்லாட்டம் இறுகி, பாதம் மரத்துப்போகுது. நின்னா மூணு நிமிஷத்துல சரியாயிருது. பாலக்காட்டுல எடுத்த டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்குற ஸ்கேன்) நார்மல். கோயமுத்தூர்ல எடுத்த, ரத்தக்குழாயைப் படம்பிடிக்கிற எம்.ஆர். ஆஞ்சியோல தமனி நெரியுதுன்னு இருக்கு. ஸ்டென்ட் (குழாய்க்குள்ள வைக்கிற கம்பிச்சுருள்) வச்சாப் போதாதாங்க?

பதில் 1 (ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்):
ஸ்டென்ட் வேண்டாங்க. அடைப்பு குழாய்க்குள்ள இல்ல, வெளியிலிருந்து தசை அமுக்குது. கெண்டைச் சதையோட உள்பக்கத் தலை (மேல் முனை) இடம் மாறி ஒட்டியிருக்கும், இல்லாட்டி தமனி அதைச் சுத்தி வளைஞ்சு போயிருக்கும். உள்ள கம்பிச்சுருள் வச்சா அதையும் அதே தசை நசுக்கும். சுருள் ஒடியும், ரத்தம் உறையும்.

குப்புறப் படுக்க வச்சு, முட்டி மடிப்புல 'எஸ்' மாதிரி கீறி, நரம்பை ஒதுக்கிட்டு அந்தத் தசைத்தலையை வெட்டி விடணும். தமனியை அமுக்குற நார்ப்பட்டை ஒரு இழை மிஞ்சினாலும் திரும்ப நெரியும். அதனால தையல் போடுறதுக்கு முன்னாடியே பாதத்தை மேலயும் கீழயும் அசைச்சு, நாடி நிக்காம ஓடுதான்னு பார்க்கணும். தமனிச் சுவர் ஏற்கெனவே தடிச்சோ புடைச்சோ இருந்தா, தசையை வெட்டுனா மட்டும் பத்தாது. கெட்ட துண்டை எடுத்துட்டு தம்பியோட கால் சிரையையே வச்சுத் தைக்கணும். தள்ளிப்போட வேண்டாம்னு சொல்றது இதுக்காகத்தான். 1959ல பதிவான முதல் ஆபரேஷனே 12 வயசுப் பையனுக்குத்தான்.

பதில் 2 (ஸ்கேன் டெக்னீஷியன்):
சும்மா படுக்க வச்சு எடுத்தா டாப்ளர் நார்மலாத்தான் வரும். முட்டியை நேரா வச்சு, பாதத்துக்கு எதிரா நாம வைக்கிற கையை அமுக்குற மாதிரி கால் விரல்களைக் கீழ தள்ளச் சொல்லி எடுக்கணும். ஓடவிட்டு, கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரோட ஒப்பிட்டும் பாருங்க. இடது காலையும் விடாதீங்க, ரெண்டு பக்கமும் இருக்கிறது சகஜம். ஒண்ணு மட்டும்: வலியே இல்லாத நிறையப் பேருக்கும் இப்படித் தள்ளும்போது தமனி நெரியும். படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைக்கக் கூடாது. தம்பிக்கு அறிகுறியும் சேர்ந்திருக்கு.

கேட்டவர்:
தசையை வெட்டுனா ஓட முடியுங்களா டாக்டர்?

பதில் 1:
முடியும். மிச்சத் தசைகள் அந்த வேலையை ஏத்துக்கும். தசை மட்டும் வெட்டியிருந்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே நடக்க வைப்போம். ஓட்டம் மெதுவா, சில மாசம் கழிச்சு. சிரை வச்சுத் தைச்சிருந்தா இன்னும் நாளாகும், டாப்ளர் கண்காணிப்பும் தொடரணும். ஆபரேஷன் ஆகுற வரைக்கும் ஓட்டத்தை நிறுத்துங்க. பாதம் திடீர்னு வெளுத்து, சில்லிட்டு, விரல் அசையலன்னா உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, மணிக்கணக்குதான் அவகாசம்.