ஜெனரேட்டர் கரி ஜவ்வரிசிக் களத்தில் விழுகிறது: புகை வடிகட்டி வாங்கலாமா?

களத்துக்காரி (ஆத்தூர் சாலை, சேலம்)

அப்பா காலத்து சேகோ ஆலை. ஐந்து ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். 250 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது, 2012-இல் வாங்கியது. பகலில் மின்சாரம் நின்றால் கிழங்கு அரைக்கும் ராஸ்பர் முதல் சல்லடை வரை எல்லாம் அதில்தான் ஓடும். இரவில் என்றால் இரண்டு பம்புகளும் விளக்குகளும் மட்டும். ஜெனரேட்டர் ஷெட்டுக்கும் ஜவ்வரிசி காயும் களத்துக்கும் இடையே முப்பது அடிகூட இல்லை. அன்று இடம் மிச்சம் என்று கட்டியது, இன்று வினையாகிவிட்டது.

போன மாதம் ஒரு வியாபாரி மாதிரியை உள்ளங்கையில் பரப்பினார். நகத்தால் மூன்று கறுப்புப் புள்ளிகளைப் பொறுக்கி மேஜை மேல் வரிசையாக வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. விலையை மட்டும் குறைத்துவிட்டுப் போனார்.

இப்போது பெரிய எஞ்சின்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து பேசுகிறார். சைலன்சர் இருக்கும் இடத்தில் ஒரு எவர்சில்வர் பீப்பாய், உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். மாட்டினால் புகையே வராதாம். அவர் சொல்லும் விலைக்கு நல்ல கார் வாங்கலாம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர் தாத்தா (கொண்டலாம்பட்டி)

அம்மா, முப்பத்தொரு வருடம் ஜெனரேட்டர் சர்வீஸ் பார்த்தவன் நான். கருவி நல்ல கருவிதான். உங்கள் ஆலையில் அது பிழைக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கேள்வி. கரி அதிகமாகக் கொட்டுவது எப்போது? காலையில் ராஸ்பரைப் போட்ட முதல் பத்து நிமிடம்தானே? 250 கேவிஏ என்றால் ஏறக்குறைய 200 கிலோவாட். இரவில் நீங்கள் ஓட்டுவது முப்பது கிலோவாட் தேறுமா? கல்யாணச் சமையலுக்கு மூட்டிய அடுப்பில் ஒரு டம்ளர் பால் காய்ச்சுகிறீர்கள். எஞ்சின் சூடேறுவதில்லை, டீசல் அரைகுறையாக எரிகிறது, எண்ணெய்ப் பிசுக்கோடு கரி குழாய்க்குள் படிகிறது. காலையில் முழு லோடு விழுந்ததும் இரவெல்லாம் சேர்த்ததை உங்கள் களத்தின் மேல் துப்புகிறது. முப்பது சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டாதே என்று நான் சொல்லாத முதலாளி இல்லை. கேட்டவர்கள் இரண்டு பேர்.

இனி அந்தப் பீப்பாய். தேன்கூட்டின் கண்களில் ஒன்று விட்டு ஒன்றை அடைத்திருப்பார்கள். புகை சுவருக்குள் புகுந்துதான் பக்கத்துக் கண்ணுக்குப் போக முடியும், கரி சுவரிலேயே நின்றுவிடும். பெரும்பாலும் அது கார்டியரைட் என்ற பீங்கான். அதில் மக்னீசியமும் உண்டு. மாமாங்கம் பக்கம் மக்னீசியம் உள்ள வெள்ளைக்கல் வெட்டிய ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை, நம் கல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாலும்.

பிடித்த கரியை எரித்தாக வேண்டும். தானாக எரிய 600 டிகிரி பக்கம் வேண்டும். பிளாட்டினம் பூசிய வினையூக்கி இருந்தால் 300 டிகிரியை ஒட்டியே மெல்ல மெல்ல எரியும். உங்கள் இரவு லோடில் புகைக்குழாய் 200-ஐத் தாண்டினால் எனக்கு ஆச்சரியம். எரியாத கரி அடைத்துக்கொள்ளும், புகை வெளியேற வழியின்றிப் பின்னழுத்தம் ஏறும், எஞ்சின் திணறும். கடைசியில் யாராவது பீங்கானைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு வெறும் பீப்பாயை மாட்டுவார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் அந்த ஆளிடம் சொல்லுங்கள்: ஒரு வாரம் புகைக்குழாயில் வெப்பமானி கட்டி, இரவும் பகலும் பதிவு எடுத்துக் காட்டு, பிறகு விலை பேசலாம். மாட்டேன் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காசு அதிகம் போகாத வேலை ஒன்றும் இருக்கிறது. புகைபோக்கி கட்டட உயரத்துக்கு மேல் எத்தனை மீட்டர் நிற்க வேண்டும் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கு: கேவிஏயின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கு. 250-க்கு 3.16 மீட்டர். ஷெட் ஆறு மீட்டர் என்றால் தரையிலிருந்து 9.16 மீட்டர். உங்களுடையது கூரை ஓட்டுக்கு மேல் எட்டிப் பார்க்கும் உயரத்தில்தான் இருக்கும், பந்தயம்.

மலைக்காப்பி (ஏற்காடு)

தாத்தா சொன்னது எங்கள் தங்கும் விடுதியில் அப்படியே நடந்தது. இங்கே கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் எஞ்சின் அதே டீசலுக்குக் கூடுதலாகப் புகைக்கும். விருந்தினர்கள் முகம் சுளித்ததால் வடிகட்டி மாட்டினோம். மே மாதக் கூட்டத்தில் அருமை. வெள்ளைக் கைக்குட்டையைக் குழாய் வாயில் பிடித்தால் வெள்ளையாகவே இருந்தது.

நவம்பரில் மூடுபனி. அறைகள் காலி, நடைபாதை விளக்குகள் மட்டும். மூன்றாவது வாரம் பின்னழுத்த விளக்கு சிவப்பாகிவிட்டது. சர்வீஸ் ஆள் மலையேறி வர பதினோரு நாள். இரவுக்கென்று ஒரு 25 கேவிஏ வாங்கிய பிறகுதான் நிம்மதி. ஆக, நான் இரண்டு செலவு செய்தேன். வரிசையை மாற்றியிருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கலாம்.

தேன்கூடு

முதலில் ஒப்புக்கொள்கிறேன், நான் இப்படிப்பட்ட கருவி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை.

"புகைக் கருவி" என்று மூன்று வேறு பொருள்களை விற்கிறார்கள். ஆக்சிஜனேற்ற வினையூக்கி கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருள் வாடையையும் போக்கும், கரியைப் பெரிதாகத் தொடாது. யூரியாக் கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கானது. உங்கள் கறுப்புப் புள்ளிக்கு வேண்டியது தாத்தா சொன்ன, சுவர் வழியே வடிகட்டும் டிபிஎஃப் மட்டும். மூன்றையும் சேர்த்து விலைப்புள்ளி கொடுத்திருந்தால் காரணம் கேளுங்கள். பழைய ஜெனரேட்டரில் பின்னால் மாட்டும் கருவிக்கு, துகள்களை 70 சதவீதமாவது பிடிக்கிறது என்ற சோதனைச் சான்றும் கேளுங்கள்.

எரிந்த பிறகும் எஞ்சின் ஆயில் சாம்பல் மிஞ்சும். அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், டப்பாவில் சிஜே-4 அல்லது சிகே-4 என்றிருக்கும். பங்க் டீசலில் 2020 ஏப்ரலிலிருந்து கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), அதில் பிரச்சினை இல்லை. கந்தகம் மிகுந்த மலிவான தொழிற்சாலை எண்ணெயைக் கலந்தால் வினையூக்கி செத்துவிடும்.

எஞ்சினையே மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு தகவல். இந்த அளவு ஜெனரேட்டர் எஞ்சினுக்கு 2014 புகை விதியில் கரித்துகள் வரம்பு ஒரு கிலோவாட்-மணிக்கு 0.2 கிராம். 2023 ஜூலை விதியில் 0.02.

ஸ்பேனர் தாத்தா

தம்பி நேர்மையாகப் பேசுகிறார், உருப்படுவார். அம்மா, ஒன்று விட்டுப்போனது. வறுக்கிற அடுப்பு விறகிலா? அப்படியென்றால் ஜெனரேட்டர் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். களத்தில் ஈர வேட்டி இரண்டை இரவு விரித்து வையுங்கள். புள்ளியை விரலால் தேய்த்தால் டீசல் கரி பிசுபிசுவென்று இழுபடும், விறகுக்கரி நறநறவென்று பொடியும்.

களத்துக்காரி

அப்பாவின் பழைய வேட்டிகள் இரண்டை விரித்தேன். அம்மா திட்டினார். ஜெனரேட்டர் பக்கத்து வேட்டியில் பத்தொன்பது புள்ளி, எல்லாம் மை போல் இழுபட்டன. மறுபக்கத்தில் எட்டு, அதில் ஆறு பொடிந்தது. தாத்தா, அடுப்பு விறகுதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

புகைபோக்கி ஓட்டுக்கு மேல் இரண்டடிதான் இருக்கிறது, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். வெல்டரிடம் சொல்லியாகிவிட்டது. இரவுக்கு ஒரு 40 கேவிஏவை இரண்டு மாதம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கருவிக்காரரிடம் வெப்பமானி கேட்டதும் சிறிது நேரம் சத்தமில்லை, பிறகு வியாழக்கிழமை கொண்டு வருகிறேன் என்றார். வந்தால் பதிவை இங்கேயே போடுகிறேன்.